எலும்போரச் சூடு
(கண்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் "வேட்டை இறைச்சி" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி தூக்க வழி சொல்ல வந்திருக்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மரையைக் கொல்வதும் மானைக் கொல்வதும் இந்நாட்டில் குற்றம். 1937ஆம் ஆண்டிலிருந்து அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, பிறகு பலமுறை திருத்தி இறுக்கியும் இருக்கிறார்கள். அந்த இறைச்சியைக் கையில் வைத்திருந்தாலும் வழக்குத்தான். நான் பேசப்போவது, விலங்கு விழுந்த பிறகு நடந்ததைப் பற்றி. வெக்கையான நாட்டில், ஐஸ் இல்லாத காலத்தில், இருநூறு கிலோ எடையுள்ள ஓர் உடம்பைக் கெடாமல் எப்படி வைத்தார்கள்? ஹஜ்ஜுப் பெருநாளன்று அக்குறணையிலும் மடவளையிலும், தீபாவளிக்கு முதல் நாள் தோட்டத்து லயத்திலும் நமக்கு வருகிற சிக்கலும் அதேதான். சட்டம் மரையைக் காப்பாற்றியது. மாட்டையும் ஆட்டையும் அறுத்துப் பங்கு போடும் நம்முடைய வேலை அப்படியே இருக்கிறது.

வெயிலால் இறைச்சி கெடுகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வெயில் மேற்பரப்பை மட்டும்தான் தொடும். உயிரோடு இருந்தபோது அந்த உடம்பின் உட்சூடு 38, 39 பாகை செல்சியஸ். உள்ளே பிறக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விட்டது இரத்த ஓட்டம். கழுத்தில் கத்தி பட்டதும் அது நின்றுவிடுகிறது. தசையில் மிச்சமிருக்கும் சர்க்கரைச் சத்து மட்டும் இன்னும் சில மணி நேரம் சிதைந்துகொண்டே இருக்கும், அதிலிருந்தும் சூடு பிறக்கும். வயிற்றில் கிடக்கும் புல் புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும். மேலே தோலும் மயிரும் மூடியிருக்கும். அதனால் தோலுரிக்காமலும் குடலை எடுக்காமலும் போட்ட விலங்கின் தொடை நடுவே, முதல் ஒரு மணி நேரத்தில் சூடு சற்றுக் கூடினாலும் கூடும், குறையாது.

மாலை அறுத்துத் தொங்கவிட்ட மாட்டுத் தொடையை நள்ளிரவில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெளித்தசை குளிர்ந்து உலர்ந்திருக்கும், விரலில் ஒட்டாது. பார்க்க நல்ல சிவப்பு. சப்பை எலும்பும் தொடை எலும்பும் சேரும் சந்தில் கத்தியை இறக்கி, அந்த வெட்டுக்குள் இரண்டு விரலை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். ஆறு மணி நேரம் கழித்தும் அந்த இடம் ஆறியிருக்காது. பழுது தொடங்குவது அங்கேதான். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. உடம்புச் சூட்டில், வசதி அமைந்துவிட்டால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமிகள் உண்டு. ஆறு மணி நேரத்தில் ஒன்று இரண்டு இலட்சத்து அறுபதினாயிரத்தைத் தாண்டிவிடும். மறுநாள் இறைச்சிக்கடைக்காரர் எலும்பைத் தறிக்கும்போது ஒரு புளித்த வாடை கிளம்பும். அதுவரை ஆருக்கும் தெரியாது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நடுவிலுள்ள சூடு மேற்பரப்புக்கு வரப் பிடிக்கும் நேரம் இறைச்சியின் தடிப்போடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, தடிப்பின் வர்க்கத்தோடு கூடுகிறது. இருபது சென்ரிமீற்றர் தடித்த தொடையின் நடுப்பகுதி நன்றாக ஆறுவதற்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் வேண்டும் என்றால், அதையே இரண்டு சென்ரிமீற்றர் கீற்றாக அரிந்தால், மேற்பரப்பு ஆறிக்கொண்டே இருக்கும் பட்சத்தில், கணக்குப்படி கால் மணி நேரம் போதும். தடிப்புப் பத்தில் ஒன்றாகிறது, நேரம் நூற்றில் ஒன்றாகிறது. இயற்பியல் புத்தகம் பார்க்காமலே இதை அறிந்த ஒரு கூட்டம் நம்முடைய மலைக்குக் கிழக்கே இருந்தது.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பற்காரர் 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் கைதியாக இருந்தார். ஓரிடத்தில் அடைத்து வைக்கவில்லை, ஊர்களில் விட்டிருந்தார்கள். உடுநுவரைப் பக்கம் எலதெத்தவில் வீடு கட்டித் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். 1679இல் தப்பியோடி 1681இல் இலண்டனில் புத்தகம் போட்டார். கிழக்கேயுள்ள அந்தப் பிந்தனைக் காட்டு வேடர்கள் மானைக் கொன்று, இறைச்சியை நெருப்பின்மேல் உலர்த்துவதையும், ஊர்ச்சனங்கள் போய் அதை வாங்குவதையும் அதில் எழுதியிருக்கிறார். மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள் என்றும் சொல்கிறார்.

தேன் வேலை செய்யும் விதம் எளியது. அதில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மிச்சமெல்லாம் சர்க்கரை. அது இறைச்சியிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். நீரில்லாத இடத்தில் கிருமி பெருகாது. தேனுக்குப் புளிப்பும் உண்டு, அதுவும் கைகொடுக்கும். இதைக் கேட்டுவிட்டு வீட்டுப் போத்தலில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். பச்சை இறைச்சியைக் காற்றுப் புகாமல் அடைத்து வைப்பதில் ஆளைக் கொல்லும் நஞ்சு உண்டாக இடமுண்டு. வேடர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து தேர்ந்தவர்கள், எது பழுது என்று மூக்கால் அறிந்தவர்கள்.

எனக்கு அந்தத் தேனைவிடக் கீற்று இறைச்சியில்தான் ஆர்வம். பச்சைக் கம்புகளால் ஒரு பரண். கீழே கொழுந்து விடாத நெருப்பு. மேலே நீளக் கீற்றாக அரிந்த மரை இறைச்சி. நெருப்பு அங்கே சமைப்பதற்காக இல்லை. ஈயை அண்டவிடாது, மேற்பரப்பை உலர்த்தும், புகை படியவைக்கும். அந்த வத்தல் மாதக்கணக்கில் கிடக்கும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் மரை வத்தல், மான் வத்தல் என்று பழைய ஆட்கள் நாவூறப் பேசியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் ஆட்டிறைச்சியை மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைக்கும் உப்புக்கண்டமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த வேலை பிந்தனையில் கைகூடியதற்குக் கத்தி மட்டும் காரணமில்லை. காற்றும் ஒரு காரணம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு ஏறுகிறது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மேற்குச் சரிவில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது வேறு காற்று, சூடேறி வறண்ட காற்று. மட்டக்களப்பார் கச்சான் என்பார்கள். ஒரு ஆனி மாதத்தில் இங்கிருந்து திகன, தெல்தெனிய வழியாக உடதும்பறைக்குப் போய், பதினெட்டு வளைவில் இறங்கிப் பாருங்கள். கண்டியில் காயாத சட்டை ஹசலகவில் காய்ந்துவிடும். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏழு கிலோ ஐஸ் உருகும் அளவுக்குச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அப்படியென்றால் பிந்தனைக் காற்றில் கீற்றிறைச்சியைத் தொங்கவிட்டவன் உலர்த்தவும் செய்தான், குளிரவும் வைத்தான். ஐஸ் கம்பெனி ஒன்று மரக்கிளையில் சும்மா தொங்கியது.

அந்த வாழ்க்கை பிறகு முடக்கப்பட்டது. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனமாக அறிவிக்கப்பட்டதும் வேடர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வேடர் ஊரான தம்பானையின் மூத்த தலைவர் ஊருவரிகே திசாஹாமி மட்டும் நகர மாட்டேன் என்று இருந்துவிட்டார். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் காட்டை அத்தனை காலம் காலியாக்காமல் வைத்திருந்தவர்களைத்தான் முதலில் வெளியே அனுப்பினோம் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இனி மலையேறுவோம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,880 மீற்றர் உயரம், சராசரி வெப்பம் 16 பாகை. தை, மாசியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி பூக்கும். 1848ஐ ஒட்டி அங்கே குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நாய்க்கூட்டத்தை விட்டு மரையைத் துரத்தி, ஆற்றுக்குள் இறக்கி, கத்தியால் குத்திக் கொல்வதை ஒரு வீர விளையாட்டாக நடத்தினார். மரையைத்தான் அந்த வெள்ளைக்காரர்கள் "எல்க்" என்று எழுதினார்கள். அமெரிக்க எல்க் வேறு விலங்கு. இறைச்சி கெடுவது பேக்கருக்குப் பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டியதில்லை, இரவுக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அவருடைய விளையாட்டில் இறைச்சிக்கு வேறொரு கேடு இருந்தது. அமைதியாக இருந்த விலங்கு இறந்தால், தசையிலுள்ள சர்க்கரை அமிலமாக மாறும். பிஎச் அளவு ஏழிலிருந்து ஐந்தரைக்கு இறங்கும். அந்தப் புளிப்புத்தான் இறைச்சிக்கு இயற்கையான முதற்காவல். மணிக்கணக்கில் ஓடி, பயந்து, களைத்த விலங்கிடம் அந்தச் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். அமிலம் உண்டாகாது, பிஎச் ஆறுக்கு மேலேயே நிற்கும். இறைச்சி கறுத்து, கையில் பிசுபிசுக்கும், சீக்கிரம் பழுதாகும். சுருக்குக் கம்பியில் இரவெல்லாம் துடித்துச் செத்த விலங்கின் இறைச்சியும் இதே இரகம்தான். "காட்டிறைச்சி, நல்ல சாமான்" என்று இரகசியமாக வீட்டு வாசலுக்கு வருகிறவற்றில் எத்தனை அப்படிச் செத்தவை என்று யோசியுங்கள். பன்றிக்கு வைக்கும் அந்தக் கம்பி பன்றியோடு நிற்பதுமில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, மீட்கப்பட்டும் சில நாளில் செத்துப்போனது. நாட்டில் அப்படியொன்றைக் காண்பதே அரிது.

இந்தக் களைப்புக் கதை சட்டப்படி வரும் மாட்டுக்கும் பொருந்தும். தொலைவிலிருந்து லொறியில் நின்றபடியே வந்த மாட்டை இறக்கிய கையோடு அறுப்பதும், ஓர் இரவு தண்ணீரும் தீனியும் கொடுத்து ஆறவிட்டு அறுப்பதும் ஒன்றில்லை. பாவம் புண்ணியம் ஒருபுறம் இருக்கட்டும். இறைச்சி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதே அதில்தான் இருக்கிறது.

சரி, கண்டிக்கு வருவோம். இந்த மூன்றில் இடைஞ்சலான ஊர் நம்முடையதுதான். பிந்தனையில் வெக்கை, ஆனால் காற்று வறண்டது. நுவரெலியாவில் ஈரம், ஆனால் குளிர். கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில், 24, 25 பாகையில், ஆண்டில் பெரும்பாலான நாள் ஈரக் காற்றோடு இருக்கிறது. தொங்கவிட்டு ஆறவைக்கப் போதிய குளிர் இல்லை, அரிந்து உலர்த்தப் போதிய வறட்சி இல்லை. ஈரக் காற்றில் கீற்றிறைச்சி உலர்வதற்கு முன் பூஞ்சணம் பிடிக்கும்.

உப்பும் எளிதில் கிடைத்ததில்லை. உப்பளங்கள் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் கடலோரத்தில். 1766இல் கண்டி அரசன் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகு கரையோரம் முழுவதும் அவர்கள் கையில். மலைக்கு உப்பு பொதிமாட்டு முதுகில்தான் ஏற வேண்டும். தவளம் என்ற அந்தப் பொதிமாட்டு வணிகத்தைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் கண்டி முஸ்லிம்கள், இந்த அவையில் பலரது முன்னோர்கள். பாக்கைக் கீழே கொண்டுபோய், உப்பையும் கருவாட்டையும் மேலே கொண்டுவந்தார்கள். கண்டிக் குடிசையில் இறைச்சி வத்தலைவிடக் கருவாடு சாதாரணமானதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. உப்பைத் தனியாகச் சுமப்பதைவிட, கரையிலேயே மீனில் ஏற்றிக் கொண்டுவருவது மேல்.

அப்படியென்றால் கண்டியார் என்ன செய்தார்கள்? அடுப்புக்கு மேலே பரண் கட்டினார்கள். சிங்கள வீடுகளில் தும் மெஸ்ஸ என்பார்கள். வெளிக்காற்று உலர்த்தாது என்றால் அடுப்புப் புகையை வைத்து உலர்த்து என்பதுதான் அதன் கணக்கு. கொறக்காய்ப் புளி அந்தப் பரணிலேயே காய்ந்து கறுக்கும். அதை அரைத்துப் பன்றி இறைச்சியில் போட்டால் ருசியும் கிடைக்கும், கிருமிக்கு வேண்டாத அமிலமும் கிடைக்கும். ஓடிக் களைத்த விலங்கு தன் தசையில் உண்டாக்கத் தவறிய புளிப்பை நாம் சட்டியில் சேர்க்கிறோம். மிளகும் மஞ்சளும் அதிகம் செய்வதாக நினைக்கிறோம். என்னைக் கேட்டால் புளியும் உப்பும் புகையும்தான் முக்கால் வேலையைச் செய்தவை.

ஐஸ் இந்தப் பக்கம் வந்த கதை சிறியது. சென்னைக்கு அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸ் கப்பலில் வந்தது. அதை வைக்க 1842இல் கட்டிய வீடு இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. கொழும்பில் 1866இல் ஐஸ் கம்பெனி தொடங்கியது, 1867இல் ரயில் கண்டிக்கு ஏறியது. ஆனால் சாதாரணக் கண்டியாருக்கு ஐஸைப் பழக்கியவர் மீன்காரர்தான். திருகோணமலையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வரும் ரெஜிபோம் பெட்டிகளைப் பாருங்கள். அடியில் ஐஸ், மீன், மறுபடி ஐஸ், மூலையில் உருகிய தண்ணீர் வடிய ஓட்டை. கிலோக் கணக்கில் இறைச்சியை வைத்துக்கொண்டு தவிக்கும் நாம் அவரிடம் ஒரு மணி நேரம் பாடம் கேட்கலாம்.

பெருநாள் காலையை எடுத்துக்கொள்வோம். தொழுகைக்கு முன் உழ்ஹிய்யா எனும் பெருநாள் பலியைக் கொடுக்க முடியாது, ஆகவே விடியல் குளிர் கைதவறிவிடுகிறது. எட்டரை, ஒன்பதுக்குத்தான் கத்தி விழும். ஒரே நேரத்தில் பல மாடு. உரித்து, வெட்டி, பங்கு நிறுத்து, சூடு ஆறாத இறைச்சியைப் பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போடுகிறோம். பைகளைக் குவிக்கிறோம். கொஞ்ச நேரத்தில் பையின் உட்புறம் பனித்து நீர் வழியும். அதுதான் கிருமி கேட்ட ஈரம், அதுதான் கிருமி கேட்ட சூடு. குவியலின் நடுவிலுள்ள பை, முழுத் தொடையின் நடுப்பகுதி போலவே ஆறாமல் கிடக்கும். சிறு துண்டாக வெட்டியதால் கிடைத்த நன்மையைக் குவித்து வைத்துத் தொலைத்துவிடுகிறோம்.

இதே சிக்கலை வேறிடத்தில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் கொலராடோ மலைகளில் செப்டம்பரிலேயே எல்க் வேட்டைப் பருவம் தொடங்கிவிடும். பகலில் நல்ல வெக்கை. முன்னூறு கிலோ விலங்கு, வண்டி போகாத காடு. வேட்டைக்காரர்கள் உடனே தோலை உரித்து, நாலு காலையும் பிரித்து, காற்று நுழையும் துணிப் பையில் போட்டு, ஓடையோர நிழலில் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுகிறார்கள். தடித்த தொடையென்றால் எலும்பு வரை கீறித் திறந்துவிடுகிறார்கள். சூடு ஆறும்வரை பிளாஸ்ரிக் பையில் அடைக்கவே கூடாது என்பது அங்கே முதற்பாடம். நமக்கும் அது போதும். ஒரு கூடாரம், ஒரு கயிறு, கொழுக்கி, மின்விசிறி இரண்டு, ஈயை மறைக்க நுளம்பு வலை. மேசையில் பரப்பினால் குவிக்காமல் பரப்புங்கள். பங்கை வாழையிலையிலோ கமுகம் மடலிலோ கொடுத்த காலத்தில் இறைச்சி மூச்சு விட்டது. பொலித்தீன்தான் வேண்டுமென்றால் வாயைத் திறந்தபடி கொடுங்கள்.

நம்முடைய ஷாபி வழக்கில் பெருநாளோடு சேர்த்து நாலு நாள் அவகாசம் இருக்கிறது. எல்லா மாட்டையும் முதல் நாள் முற்பகலில் முடிக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை, நாம்தான் அவசரப்படுகிறோம். மக்காவுக்குப் பக்கத்திலுள்ள மினாவில் அந்தக் காலத்து ஹாஜிகள் அந்த நாட்களில் இறைச்சியைக் கீற்றாக அரிந்து பாலைவன வெயிலில் காயவைத்தார்கள். அவர்களுக்குப் பிந்தனைக் காற்று வாய்த்திருந்தது. நமக்கு வாய்த்தது கண்டிக் காற்று, ஆகவே நாளைப் பிரித்துக்கொள்வது நமக்குத்தான் கூடுதல் தேவை. தோட்டத்தில் தீபாவளிக்குப் பங்கு ஆடு போடுகிறவர்களுக்குச் சிக்கல் குறைவு. ஆடு சிறியது, பங்கு சிறியது, அன்றே சட்டிக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்த பத்துக் கிலோவை என்ன செய்வது? நேரே பிரிட்ஜில் தள்ளினால் இரண்டு தீங்கு. உடம்புச் சூட்டிலிருந்து 4 பாகைக்கு அதை இறக்க, மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான ஐஸ் முழுதாக உருக வேண்டும். சிறிய பிரிட்ஜ் அந்தச் சூட்டோடு பல மணி நேரம் மல்லாடும், அதற்குள் பாலும் நேற்றைய கறியும் வெதுவெதுப்பாகிவிடும். அடுத்தது, தசை விறைத்து முடிவதற்கு முன் 10 பாகைக்குக் கீழே போனால் சுருங்கி இறுகிவிடும். பிறகு எவ்வளவு அவித்தாலும் பல்லுக்கு அசையாது. "பெருநாள் இறைச்சி றப்பர் மாதிரி" என்ற முறைப்பாடு இந்த அவசரத்தில் பிறந்ததுதான். ஆகவே முற்பகலில் வந்ததைக் காற்றோட்டமான இடத்தில் வலை மூடித் தொங்கவிட்டு, அன்றைய தேவையை உடனே சமைத்துவிட்டு, மிச்சத்தைப் பிற்பகலில் மீன்காரர் முறைப்படி ரெஜிபோம் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வையுங்கள். பத்துக் கிலோவுக்கு ஆறேழு கிலோ ஐஸ் தாராளம். தண்ணீர் வடிய வழி இருக்கட்டும், இறைச்சி உருகிய நீரில் ஊறக்கூடாது. இரவு குளிர்ந்த பிறகு தட்டையான சிறு பொதிகளாக டீப் பிரீசருக்கு மாற்றுங்கள். உருண்டையாகக் கட்டாதீர்கள், தடிப்பின் வர்க்கம் உறைவதிலும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போனபோது, மூடியைத் திறக்காமல் விட்ட நிறைந்த பிரீசர் தாக்குப்பிடித்தது. அடிக்கடி திறந்து பார்த்தவர்கள்தான் இழந்தார்கள்.

ஈரல், இதயம், குடல் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அவற்றில் இரத்தமும் சர்க்கரையும் அதிகம், தசையைவிட முந்திக் கெடும். ஐரோப்பிய இறைச்சி விதிகளில்கூட உடலுக்கு 7 பாகை என்றால் உள்ளுறுப்புக்கு 3 பாகை. பங்கு பிரிக்கும்போது அவற்றைத் தனியே எடுத்து முதலில் கொடுத்தனுப்புங்கள். வாங்கியவர் அன்று பகலே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.